முட்டை பாட்டிலும் இரண்டு சுரங்கங்களும்

பிரிட்டோவின் ஸ்கூட்டர் கிடைத்துவிட்டது, பிரிட்டோ கிடைக்கவில்லை. கூடலூருக்கு மேலே, வெள்ளைக்காரர்கள் தங்கம் தேடித் தோண்டிக் கைவிட்ட மலையடிவாரத்தில் அது மழையில் நனைந்துகொண்டு நின்றது. மாதா கோயிலில் வேலை இருக்கிறது என்று முதல் நாள் காலையில் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போன மனிதர்!

மீட்பு ஆட்கள் வரவேண்டிய சாலையில் மரம் விழுந்து கிடந்தது. இனியும் காத்திருக்க முடியாது என்று மனைவி ஜெசிந்தாவே கிளம்பிவிட்டாள். கூட வந்தவர்கள் இருவர். ஒருவர் ஜீப் ஓட்டும் ஐதுரூஸ் பாய். இன்னொருத்தி தவமலர். பழைய சோடா பாட்டில் சேர்ப்பதில் ஒரு காலத்தில் பிரிட்டோவுக்குக் கூட்டாளி, இப்போது முகம் கொடுத்துப் பேசாத போட்டியாளர்.

"உங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்லைன்னு தெரியும் அக்கா," என்றாள் ஜெசிந்தா. "ஆனா அவர் எதைத் தேடி எங்க போவார்னு உங்களுக்குத்தானே தெரியும்."

தெரியும்தான். முட்டை பாட்டில். அடிப்பாகம் முட்டை மாதிரி இருப்பதால் அது நிற்காது, படுக்கத்தான் வைக்க வேண்டும். படுத்திருந்தால்தான் தக்கை காயாமல் காற்று வெளியேறாது என்று அப்படிச் செய்தார்கள். கோலி சோடாவுக்கும் முந்திய சரக்கு. சுரங்கத்துத் துரைமார் குடித்துவிட்டு எறிந்தது. உடையாத ஒன்று கையில் கிடைத்தால் இந்தக் கிறுக்குப் பிடித்த கூட்டம் சோறு தண்ணீரை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கும்.

காலில் ஏறிய அட்டைகளைப் பிய்த்துப் போட்டபடி மூவரும் சரிவில் ஏறினார்கள். கயிறும் கடப்பாரையும் பாயின் தோளில் இருந்தன. மேலே ஓர் ஓடை. ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு சுரங்க வாய், அந்தப் பக்கம் ஒன்று.

"தடமெல்லாம் மழை அடிச்சுட்டுப் போயிருச்சு," என்றார் பாய். "எதுல போறது? சீக்கிரம் சொல்லு தங்கச்சி. ஓடை ஏறுது. உள்ள தண்ணி புகுந்துட்டா ஒண்ணும் பண்ண முடியாது."

இந்தப் பக்கத்து வாசலில், உள்ளே செம்மண் ஒட்டிய நாலைந்து பாட்டில்கள் கிடந்தன. தவமலர் ஒவ்வொன்றின் வாயையும் விரலால் தடவிப் பார்த்தாள்.

"எல்லாம் மெஷின் பாட்டில்," என்றாள். "அச்சு ரெண்டும் சேர்ற கோடு வாய் விளிம்பு வரைக்கும் ஏறியிருக்கு பாருங்க. கையால செஞ்சதுன்னா வாயைத் தனியா ஒட்டுவாங்க, கோடு கழுத்தோட நின்னுரும். இது சுரங்கம் மூடி ரொம்ப நாளைக்கு அப்புறம் வந்த சரக்கு. இதைப் பார்த்தா பிரிட்டோ ஒரு அடி உள்ள வைக்க மாட்டான்."

ஓடையைத் தாண்டினார்கள். அந்தப் பக்கத்து வாசலில் உடைந்த கோலி சோடாக் கழுத்துகள். அச்சுக் கோடு கழுத்தோடு நின்றிருந்தது. "இதுதான்," என்று தவமலர் முதல் ஆளாக உள்ளே குனிந்தாள்.

வௌவால் நாற்றம் மூச்சை அடைத்தது. நிமிர்ந்து நிற்க இடமில்லை. ஜெசிந்தா பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். வெகுதூரம் தவழ்ந்தும் நடந்தும் போனபின் பாறை சரிந்து வழி அடைந்து கிடந்தது. ஆள் நடமாடிய அடையாளமே இல்லை. அங்கே சேற்றில் முழுசாக ஒரு கோலி பாட்டில். பழக்கதோஷத்தில் தவமலர் அதை எடுத்தாள். உள்ளே வெள்ளைக் களிமண் இறுகியிருந்தது. விரலால் சுரண்டிப் பார்த்தாள்.

"பாய், இந்த மலையில செம்மண் உண்டா?"

"இங்க எல்லாம் வெள்ளை மண்ணுதானே."

"முதல் வாசல்ல பார்த்த பாட்டிலுக்குள்ள செம்மண் இருந்துச்சு."

"எங்க வீட்டுக் கிணத்தடி செம்மண்ணு," என்றாள் ஜெசிந்தா. "வேண்டாத பாட்டிலை அவர் அங்கதான் போடுவார்."

நல்ல இடம் கிடைத்தால் பாட்டில்காரர்கள் யாரிடமும் மூச்சு விடமாட்டார்கள். பின்னால் வருகிறவர் ஏமாந்து திரும்பட்டும் என்று வாசலில் குப்பைப் பாட்டில்களைப் போட்டு வைப்பவர்களும் உண்டு. தவமலரே போட்டிருக்கிறாள். பிரிட்டோவும் அந்த முதல் வாசலில் அதையேதான் செய்திருக்கிறார். அப்படிப்பட்டவள் பாட்டிலின் வாயை மட்டும் தடவிப் பார்த்தாள், உள்ளே இருந்த மண்ணைக் கண்ணால் பார்த்தும் யோசிக்கவில்லை. ஆத்திரத்தில் தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள்.

வெளியே வந்தபோது ஓடை இடுப்பளவு ஓடியது. பாய் மரத்தில் கயிற்றைக் கட்டி முதலில் இறங்கினார். நடுவில் ஜெசிந்தாவின் கால் வழுக்கியது. தண்ணீர் அவளை இழுத்தது. தவமலர் அவள் பின்னலைப் பிடித்து இழுத்தாள். இருவருமாகக் கரையில் விழுந்தார்கள். எழுந்து ஓடினார்கள்.

பிரிட்டோ தூரத்தில் இல்லை. வாசலுக்கு அடுத்த வளைவிலேயே கிடந்தார். இடுப்புக்குக் கீழே பாறை. மார்பு வரை தண்ணீர். உயிர் இருந்தது.

"நீங்க வந்தது கேட்டுச்சு," என்றார். வார்த்தை வார்த்தையாகத்தான் வந்தது. "மெஷின் பாட்டில்னு நீ சொன்னதும் கேட்டுச்சு மலரு. கத்திப் பார்த்தேன். சத்தம் வரல."

தவமலர் தண்ணீரில் இறங்கினாள். கடப்பாரையைக் கொடுத்து மூவரும் பாறையை நெம்பினார்கள். அவரைத் தூக்கிக்கொண்டு வழுக்கும் சரிவில் இறங்கி ஜீப்பில் ஏற்றினார்கள். அவர் சட்டைக்குள் துணி சுற்றி ஒரு முட்டை பாட்டில் இருந்தது. அதில் ஒரு கீறல் கூட இல்லை.

பெரிய சாலையைத் தொடுவதற்கு முன்பே, ஜெசிந்தாவின் மடியில் அவர் மூச்சு நின்றுவிட்டது. பாய் ஜீப்பை ஓரம் கட்டினார். ஜெசிந்தா அழவில்லை. கணவரின் முகத்திலிருந்த வெள்ளைச் சேற்றை முந்தானையால் துடைத்தாள்.

"இந்த மாதிரி எடத்துக்குப் போறவங்க இன்னும் இருக்காங்களா அக்கா?"

"இருக்காங்க."

"வீட்டுல சொல்லிட்டுப் போகச் சொல்லுங்க."

அடக்கம் முடிந்த மறுநாள் தவமலர் தனக்குத் தெரிந்த பாட்டில்காரர்கள் எல்லாரையும் போனில் கூப்பிட்டாள். இத்தனை காலம் பொத்திப் பொத்தி வைத்திருந்த தன் இடங்களுக்கு வழி சொன்னாள். எந்தெந்த வாசலில் தான் பொய்ப் பாட்டில் போட்டிருக்கிறாள் என்பதையும் சொன்னாள். பாதிப் பேர் நம்பவில்லை. இதுவும் ஏதோ தந்திரம் என்று நினைத்துப் போனை வைத்துவிட்டார்கள். அவள் அவர்களைத் திரும்பவும் கூப்பிட்டாள்.