அப்பன் தந்த தோல்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்ட. பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். எண்பத்து மூன்றாம் வருடம் பிரிக்பீல்ட்ஸ் கவர்மென்ட் குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டில் நடந்த கதை இது.

ஒரு சனிக்கிழமை காலை குணேஸ்வரி படுக்கை விரிப்பை உதறினாள். ஒன்றும் விழவில்லை.

பதினோரு வருடமாக விழுந்துகொண்டிருந்தது. அவள் கணவன் பாலசுந்தரத்துக்குக் கையிலும் காலிலும் மீன் செதில் போலத் தோல். அவன் தகப்பனுக்கும் இருந்தது, பாட்டனுக்கும் இருந்தது. பெண் பார்க்க வந்த அன்று முழுக்கைச் சட்டை போட்டு மறைத்துவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகுதான் அவளுக்குத் தெரியவந்தது. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் யார் எதைச் சொன்னாலும் அவள் உடனே நம்புவதில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒன்பது வயது மகள் பூரணத்தின் முழங்கையிலும் ஒரு சொரசொரப்பு. நாளைக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் மூன்று தலைமுறை வியாதியைத் தோண்டாமல் விடுவார்களா? தகப்பனுக்குக் குணமானால் பிள்ளைக்கும் ஆகும் என்று அவளேதான் கணவனைப் பக்கத்து ஊர் பங்சாருக்கு, ஹிப்னாடிசம் செய்கிற டாக்டர் சண்முகரத்தினத்திடம் கூட்டிப்போனாள்.

"ஜீன்ல எழுதினதை அழிக்க ஏலாது, தங்கச்சி," என்றார் டாக்டர். "ஆனால், அதை வாசிக்காதே எண்டு மூளைக்குச் சொல்லலாம். மூளை சொன்னால் தோல் கேக்கும்."

"வேற எதையும் வாசிக்காமல் விட்டிட்டால்?"

"உங்கட அவர் கவர்மென்ட் கிளார்க். வாசிக்காமல் விடுறது அவருக்குப் புதுசே?"

பாலசுந்தரமும் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

முதலில் இடது கை தெளிந்தது, பிறகு வலது கை, பிறகு கால்கள். ஒரே மாதம். விளக்கை அணைத்தபின் அவள் அவன் கையைத் தடவிப் பார்த்தாள். வழவழவென்று, வெதுவெதுப்பாக, இத்தனை வருடம் தலையணை வரை ஊறியிருந்த தேங்காயெண்ணெய் வாசமோ வியர்வை வாசமோ எதுவுமில்லாமல், கடையில் அப்போதுதான் பிரித்த துணி போல இருந்தது. விரல்கள் வரை போனாள். தகப்பனைப் போலவே வளைந்திருந்த சுண்டுவிரல் நேராகக் கிடந்தது.

"இது எப்ப நேரானது?"

"எது?" என்றான் அவன்.

ஆடி அமாவாசையன்று கோயிலில் ஐயர் அவன் கையில் எள்ளும் தண்ணீரும் வார்த்து, "அப்பா பேர்?" என்று கேட்டார். ஊதுவத்திப் புகை. நனைந்த வேட்டிகளின் நெடி. எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் திரும்பிக் குணேஸ்வரியைப் பார்த்தான். பின்னால் நின்றவர்கள் செருமினார்கள்.

"கனகசபை," என்று அவளே சொன்னாள்.

"கனகசபை," என்றான், யாருக்கோ வந்த கடிதத்தின் விலாசத்தைப் படிப்பது போல.

திரும்பும் வழியில் அவள் நின்றாள். "இனி அந்த டாக்டரிட்டப் போகவேண்டாம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டும் போகக் கூடாது."

"சரி."

அவ்வளவு சீக்கிரம் அவன் எதற்குமே சரி சொன்னதில்லை.

அதிலிருந்து தினமும் வேலை முடிந்து வந்ததும் பூரணத்தின் முழங்கையைத்தான் முதலில் தொடுவாள். சொரசொரப்பு இருக்கும். ஒரு காலத்தில் அதைத் தொட்டு அழுதவள், இப்போது தொட்டுவிட்டுத்தான் மூச்சு விடுவாள். "அம்மா, கூசுது," என்று பிள்ளை நெளியும்.

ஒரு வெள்ளிக்கிழமை மழை. மினி பஸ் கிடைக்கவில்லை. ஒரு மணி நேரம் பிந்தி வந்தாள். வீட்டில் டிவி ஓடவில்லை. பூரணத்தின் பள்ளிச் சப்பாத்து வாசலில் ஒழுங்காக இருந்தது. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அதன் பின்னால் ஒரு குரல் மெதுவாக, மிக மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"வாசிக்காதே. கை லேசாகுது. வாசிக்காதே. அம்மா தந்ததும் வேண்டாம். அப்பா தந்ததும் வேண்டாம்."

டாக்டர் இல்லை. பாலசுந்தரம். டாக்டரிடம் போகவேண்டாம் என்றுதானே அவள் சொல்லியிருந்தாள்.

கதவைத் தள்ளினாள்.

ஜன்னல் திரை இழுத்திருந்தது. மங்கல். பாயில் பிள்ளை, முதுகு காட்டி. குணேஸ்வரி முழங்கையைப் பிடித்தாள்.

வழவழப்பு.

"பூரணம்."

பிள்ளை திரும்பவில்லை.

"பூரணம்."

திரும்பியது. அம்மாவின் சப்பை மூக்கு இல்லை. கன்னக்குழி இல்லை. கனகசபை வீட்டு அகன்ற நெற்றி இல்லை. அழகான முகம்தான். யார் வீட்டு முகமும் இல்லை.

பக்கத்தில் இருந்தவனும் நிமிர்ந்தான். அதே முகம். பெரிய அளவில், அதே முகம்.

பிள்ளை மெல்லத் தன் கையை விடுவித்துக்கொண்டது. மரியாதையாகக் கேட்டது.

"ஆன்டி, நீங்கள் ஆரைத் தேடுறீங்கள்?"

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டில் பிறக்கிற பிள்ளைகளுக்கு உங்கள் மூக்கும் உங்கள் முன்கோபமும் குறையில்லாமல் வாய்க்கட்டும். வாசலில் நீங்கள் கூப்பிட்டால், உள்ளேயிருந்து உங்களை உறவு சொல்லி அழைக்க என்றைக்கும் ஆள் இருக்கட்டும்.