தரைக்கடியில் மாலின்

படகு கரையைத் தொட்டபோது மதியம்தான். ஆனால் டிசம்பரில், வட துருவத்தை ஒட்டிய அந்தத் தீவில் மதியத்துக்கும் இரவுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. சூரியன் போய் வாரக்கணக்காகியிருந்தது. தெற்கே கடலோரமாக ஒரு நீலக் கோடு கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு மறையும். அவ்வளவுதான் பகல்.

"அம்மாவுக்கு எப்படி இருக்கு?" என்று ரக்னா கேட்டாள்.

தம்பி எய்விண்ட் படகைக் கட்டிக்கொண்டே, "போய்ப் பாரேன்" என்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கரைக்குப் போய் போன் செய்து அவன் அழுதிருந்தான். அம்மா இன்னும் ஓரிரு நாள்கூடத் தாங்கமாட்டாள், உடனே வா என்று கெஞ்சியிருந்தான். அதனால்தான் வந்தாள். பதினோரு வயதில் அவளை மறுகரையிலிருந்த சித்தி வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து இந்தத் தீவுப் பக்கம் அவள் தலைவைத்துப் படுத்ததில்லை. தீவில் இருப்பதே இந்த ஒரு வீடுதான். அப்பா செத்த பிறகு அதில் அம்மாவும் எய்விண்டும் மட்டும்.

அடுப்படியில் அம்மா போர்கில்ட் நிமிர்ந்து உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். சாகப் போகிறவளாகத் தெரியவில்லை.

"வந்துட்டியா? கோட்டைக் கழற்றாதே. விறகு கொஞ்சம் எடுத்துட்டு வா."

"சாகக் கிடக்கிறீங்கன்னு சொன்னானே!"

"நான்தான் சொல்லச் சொன்னேன். இல்லேன்னா மகாராணி வந்திருப்பியா?"

வீட்டுக்குள் ஈரமண் வாடை. அதோடு ஏதோ இனிப்பாக, அழுகலாக இன்னொரு வாடை. ரக்னா வாயால் மூச்சு விட்டாள்.

சாப்பாட்டுக்கு வேகவைத்த காட் மீன். அம்மா இன்னொரு தட்டை எடுத்து, கோணல்மாணலான விரல்களால் ஒவ்வொரு முள்ளாகப் பொறுக்கிப் போட்டுவிட்டுச் சதையை மட்டும் வைத்தாள். ரக்னாவுக்கு அவள் ஒருநாளும் முள் எடுத்துக் கொடுத்ததில்லை. பிறகு தரையிலிருந்த நிலவறைக் கதவைத் தூக்கி, தட்டைக் கீழே இறக்கினாள்.

"யாருக்கும்மா அது?"

"வேற யாருக்கு? உன் தங்கச்சிக்கு."

மாலின் கடைக்குட்டி. வலிப்பு வந்து வந்து, ராப்பகலாகக் கத்திக்கொண்டே இருந்த குழந்தை. ஆறு வயதில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாகவும் அங்கேயே காய்ச்சலில் செத்ததாகவும் ரக்னாவிடம் சொல்லியிருந்தார்கள். கிழவிக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்து எய்விண்டைப் பார்த்தாள். அவன் குனிந்த தலை நிமிராமல் தின்றுகொண்டிருந்தான்.

அம்மா தட்டை மேலே எடுத்தாள். நக்கித் துடைத்ததுபோல் இருந்தது.

எலி, என்று ரக்னா தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் படகு எந்திரத்தின் சத்தம் கேட்டு எழுந்து ஓடினாள். எய்விண்டின் விளக்கு பாறைகளைத் தாண்டிவிட்டிருந்தது. தொண்டை கிழியக் கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. கைபேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. வீட்டிலிருந்த, கரையோடு பேசும் வானொலிப் பெட்டியையும் அவன் கழற்றிக்கொண்டு போயிருந்தான்.

"பாவம், போகட்டும் விடு" என்றாள் அம்மா. "இத்தனை வருஷம் அவன் கிடந்தான். இனி நீ கிட."

"நான் எதுக்கு?"

"கூடப் பிறந்தது ஒண்ணு இங்க இருக்கணும். யாராவது இருந்தா அவ கீழயே இருப்பா."

அன்றே புயல் தொடங்கியது. கடல் வீட்டுச் சுவர்வரை வந்து இரைந்தது. அந்த இரைச்சலுக்குக் கீழே, தரைப்பலகைக்கு அடியில், இன்னொரு சத்தம். நகத்தால் மரத்தை இழுக்கும் சத்தம்.

ரக்னா ஜன்னல் பக்கம் போனாள். அது கூடவே வந்தது.

நின்றாள். அது நின்றது.

காலணியைக் கழற்றிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுப்பருகே நகர்ந்தாள்.

அவள் பாதத்துக்கு நேர்கீழே பலகை மெல்ல உப்பியது.

"உன் நடை அவளுக்கு ஞாபகம் இருக்கு பார்" என்று அம்மா சிரித்தாள்.

பொறுக்க முடியாமல் ரக்னா விளக்கை எடுத்துக்கொண்டு நிலவறைக்குள் இறங்கினாள். கீழே யாருமில்லை. கிழங்கு புதைக்கும் மணல் தொட்டியின் ஓரத்தில், சுவரோடு சுவராக, ஒரு சின்ன எலும்புக்கூடு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் மேல் பூச்சி அரித்த கம்பளிச் சட்டை. முன்னால் மீன் துண்டுகள் குவிந்து அழுகிக் கிடந்தன. மேலே, கதவு வாயில் அம்மாவின் முகம்.

"ஆஸ்பத்திரின்னு சொன்னீங்களே!"

"குழந்தையைப் பார்க்கணும்னு அதிகாரிங்க வந்தாங்க. இவ கத்தி மானத்தை வாங்குவாளேன்னு உள்ள இறக்கினோம். மேல ஆட்டுத்தோலை விரிச்சு, மாவு மூட்டையை அடுக்கிட்டோம். ஒரு சத்தம் வெளியே வரலை. குழந்தை இங்க இல்லைன்னு சொன்னதும் அவங்களும் போயிட்டாங்க."

"போனதும் திறக்க வேண்டியதுதானே!"

அம்மா சற்று யோசித்தாள். "வீடு அமைதியா இருந்துச்சுடி. அவ பிறந்த பிறகு அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததே இல்லை. காலையில திறக்கலாம்னோம். காலையிலயும் அமைதியாவே இருந்துச்சு. உங்கப்பா அன்னிக்குத்தான் நல்லாத் தூங்கினார். நீயும்தான் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினே."

"அப்புறம் எப்போ திறந்தீங்க?"

"மாவு தீர்ந்தப்போ."

ரக்னா தன் கோட்டைக் கழற்றி, அந்த எலும்புகளை அதில் பொதிந்து, அழுதுகொண்டே மேலே கொண்டுவந்தாள். அம்மா தடுக்கவில்லை. ஒதுங்கி வழிவிட்டாள். அதன் பிறகு நகச் சத்தம் கேட்கவில்லை. புயல் ஓய்ந்ததும் தபால் படகு வந்தது. பிறகு போலீஸ், விசாரணை எல்லாம் வந்தன. அம்மாவைக் கரையிலிருந்த முதியோர் இல்லத்தில் காவலோடு வைத்தார்கள்.

அடக்கத்துக்கு முன்னால் எய்விண்ட் ஒரே ஒருமுறை போன் செய்தான்.

"மேல எடுத்துட்டியா?" என்று கேட்டான். "ஐயோ ரக்னா, நீ சும்மா உட்கார்ந்திருப்பேன்னு நினைச்சேன். அவளைத் தூக்கிட்டு வரக்கூடாதுன்னுதானே நான் அங்கயே கிடந்து அல்லாடினேன்!"

"ஏன்டா? என்ன ஆகும்?"

அவன் போனை வைத்துவிட்டான்.

மதிய இருட்டில், விளக்குகளை நட்டுவைத்து, கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டியிருந்தார்கள். வெள்ளைச் சவப்பெட்டி, ஒரு ஆளே தூக்கக்கூடிய அளவு. நாலு பேர் தூக்கியும் தடுமாறினார்கள்.

"குழந்தைன்னுதானே சொன்னாங்க?" என்று ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம் முணுமுணுத்தான். அவனுக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

வார்களைப் பிடித்துப் பெட்டியை இறக்கினார்கள். பாதி ஆழத்தில் வார்கள் சட்டென்று தொய்ந்தன. நாலு பேரும் பின்னால் சாய்ந்தார்கள். பெட்டி வெறும் கூடுபோல் ஆடிக்கொண்டே உள்ளே போனது.

அதே நொடியில் ரக்னாவின் முழங்கால் மடங்கியது. முதுகில் ஏதோ ஏறியிருந்தது. கழுத்தைச் சுற்றி இரண்டு குச்சிக் கைகளாக, எலும்பைத் துளைக்கும் குளிர்.

திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை.

எதிரே, காவலர் தள்ளிவந்த சக்கர நாற்காலியில் அம்மா. அவள் ரக்னாவைப் பார்க்கவில்லை. ரக்னாவின் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் அப்படியொரு கனிவை ரக்னா பிறந்ததிலிருந்து கண்டதில்லை.

"கெட்டியாப் பிடிச்சுக்கோடி கண்ணு" என்றாள் அம்மா. "அக்கா இனிமே உன்னை விட்டுட்டு எங்கேயும் போகமாட்டா."

ரக்னாவின் கழுத்தில் அந்தக் குளிர் மெல்ல இறுகியது.