சில்லு வரைந்த கழிமுகம்

கைப்பேசித் திரையில் கழிமுகம் நீலமாக மின்னியது. அஞ்சலாட்சி நின்றிருந்த இடத்திலோ தண்ணீர் கறுப்பாக, முழங்கால் வரை பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணி, இங்க பாரேன்!" நாத்தனார் குமுதவல்லி கைப்பேசியைத் திருப்பிக் காட்டினாள். "செத்த நண்டெல்லாம் கூழாங்கல்லா தெரியுது."

நேரலையின் மறுமுனையிலிருந்து விசாரணை அதிகாரி ஹரிராகவனின் குரல் வந்தது. "தண்ணி சுத்தமாத்தானே இருக்கு? எதுக்கும்மா ஆட்சேபணை?"

சாயத் தொழிற்சாலை கழிமுகத்துக்குள் இரண்டாவது கழிவுநீர்க் குழாய் போட அனுமதி கேட்டிருந்தது. ஆட்சேபணை சொல்ல இன்றுதான் கடைசி நாள். முதல் குழாயே பாதி நண்டைக் கொன்றுவிட்டது. இன்னொன்றும் வந்தால் குப்பத்தில் யாரும் வலை எடுக்க வேண்டியதே இல்லை.

போலிப் படங்கள் பெருகியபிறகு, பதிவு செய்த எதுவும் சாட்சி ஆகாது என்று சட்டம் வந்தது. கண்ணால் பார்த்ததும் ஆகாது; கண் ஏமாறுமாம். கருவிக்குள் பதித்த ஊகச்சில்லு என்ற 'சிப்' முத்திரையிட்ட நேரலை மட்டுமே சாட்சி. அந்தச் சில்லு முழுப் படத்தையும் அனுப்பாது. அசைவையும் வரைகோட்டையும் மட்டும் அனுப்பும். அனுப்புபவர், பார்ப்பவர் இருவரின் திரையிலும் சில்லு, தான் முன்பு கற்ற கோடிக்கணக்கான படங்களை வைத்து மீதியை வரைந்துகொள்ளும். கழிமுகம் என்றால் நீலம் என்று அதற்குப் பாடம். பாடத்தில் இல்லாதது எல்லாம் இரைச்சல், துடைத்துவிடும். இதனால் இணையத்தின் பாரம் நூறில் ஒரு பங்காகக் குறைந்ததென்று அரசு மார்தட்டிக்கொண்டது. பாரம் எங்கே போய் இறங்கியது என்று ஒருவரும் கேட்கவில்லை.

பழைய கைப்பேசிகளில் இந்தச் சில்லு கிடையாது. மென்பொருளை வைத்து ஒப்பேற்றினால் கருவி கொதித்து அணைந்துவிடும். படத்தை அப்படியே சுருக்கி அனுப்பும் பழைய முறைகள் இனி விசாரணையில் செல்லாது என்று இந்த மாவட்டத்துக்கு உத்தரவு போட்டவரே ஹரிராகவன்தான். அதனால் குப்பமே கூடிப் புதுக் கைப்பேசி ஒன்று வாங்கியிருந்தது. தங்கள் வாயில் தாங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ள!

அஞ்சலாட்சி குனிந்து இரண்டு கையாலும் கறுப்பை அள்ளி முகத்தில் அப்பிக்கொண்டாள். "இப்ப தெரியுதா சார்?"

"தெரியுதே. நல்லா பளிச்சுனு இருக்கீங்க."

குமுதவல்லி திரையைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். சில்லு அஞ்சலாட்சியின் முகத்தைக் கழுவி, லேசாகச் சிவப்பும் ஏற்றியிருந்தது.

"நேர்ல வந்து பாரு சார்! அரை மணி நேரத்துல வந்துடலாம்."

"நேர்ல பாத்தா செல்லாதும்மா. சில்லு பொய் சொல்லாது. சாயங்காலம் தீர்ப்பு வாசிப்பேன்." இணைப்பு அறுந்தது.

அஞ்சலாட்சிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எரிச்சல் தண்ணீரால் மட்டும் வந்ததல்ல. கரையில் கிடந்த அலுமினிய அன்னக்கூடையை எடுத்து, கழிமுகத்தையே மொண்டாள். நாலைந்து செத்த நண்டுகளும் உள்ளே விழுந்தன.

"இன்னா அண்ணி பண்ற?"

"வர மாட்டேன்னு சொல்றான் இல்ல? கொண்டுபோய்க் காட்டறேன்."

விசாரணை அலுவலகத்தில் மனுதாரர்களுக்கு நுழைவு இல்லை, எல்லாம் நேரலையில்தான். ஆனால் கூடைக்காரிகளை யாரும் தடுப்பதில்லை. அதிகாரிகளுக்கு நண்டு வேண்டுமே! வாசல் காவலர் எத்திராஜ், மூடியிருந்த கூடையைப் பார்த்துவிட்டு, "நண்டா? இன்னா நாத்தம்! சீக்கிரம் உள்ள போ," என்றார்.

உள்ளே ஹரிராகவன் தும்பைப்பூப் போன்ற சட்டையில் உட்கார்ந்து தீர்ப்பை வாசித்துக்கொண்டிருந்தார். சுவர் முழுக்க இருந்த திரையில் சென்னையிலிருந்து ஆணையர் வத்சலா கேட்டுக்கொண்டிருந்தார். திரையின் ஓரத்தில் இந்த அறையும் சிறியதாகத் தெரிந்தது.

"...கழிமுக நீர் தெளிவாக உள்ளது எனச் சில்லு முத்திரையுடன் நிறுவப்பட்டதால்..."

அஞ்சலாட்சி நேராக மேசைக்குப் போய், கூடையை அவர் தலைமேல் கவிழ்த்தாள்.

"தெளிவா இருக்குதா? குடி சார்!"

கறுப்பு அவர் தலையிலிருந்து வழிந்து சட்டையை நனைத்தது. மடியில் ஒரு நண்டு விழுந்தது. ஹரிராகவன் துள்ளி எழுந்தார். "மேடம்! பாருங்க மேடம்! சாக்கடையை என் மேல ஊத்திட்டா! போலீசைக் கூப்பிடுங்க!"

ஆணையர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உற்றுப் பார்த்தார். "எங்க? வெறும் கூடையைத்தானே கவிழ்த்தா? சட்டை வெள்ளையாத்தானே இருக்கு?"

ஹரிராகவன் திரையின் ஓரத்தைப் பார்த்தார். அங்கே ஒரு வெள்ளைச் சட்டைக்காரர், மாசுமருவற்ற முகத்தோடு கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார்.

"கண்ணு எரியுது மேடம்! உடம்பெல்லாம் அரிக்குது! எத்திராஜ், நீ சொல்லுய்யா!"

"ஆமா மேடம், சார் மேல ஒரே கறுப்பு," என்றார் ஓடிவந்த எத்திராஜ்.

"கண்ணால பாத்தது செல்லாதுன்னு தெரியாதா?" ஆணையரின் குரல் உயர்ந்தது. "ஹரிராகவன், ஊரே பாக்குற நேரலையில ஒரு ஏழைப் பொம்பளை மேல இப்படி அபாண்டம் சொல்றீங்க. சில்லு முத்திரை பச்சையா எரியுது, படம் உண்மைதான். நீங்க உடனே லீவுல போங்க. தீர்ப்பை மட்டும் முடிச்சிட்டுப் போங்க."

ஹரிராகவன் எத்திராஜின் தோளைப் பிடித்து உலுக்கினார். "பழைய கைப்பேசி இருக்கா உன்கிட்ட? சில்லு இல்லாதது? சீக்கிரம் எடு!"

"இருக்கு சார். ஆனா அதை நேரலையில ஏத்துக்காதே."

"ஏன் ஏத்துக்காது? எவன்யா சொன்னது?"

எத்திராஜ் அவர் முகத்தையே பார்த்தார்.

அஞ்சலாட்சி காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. குழாய் எப்படியும் வரப்போகிறது.

"தீர்ப்பை வாசிச்சு முடி சார்," என்றாள். "தண்ணி தெளிவா இருக்குன்ற இடத்துல விட்ட."