குளிர் வராத மார்கழி

கார்த்திகை பாதியில் ஒரு சாயங்காலம், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த மாரிசாமியின் காதோரம் மெல்லிய நூலை இழுப்பதுபோல் ஒரு ரீங்காரம் கேட்டது. யோசிக்காமல் கையை ஓங்கி, அது போய் உட்கார்ந்த சுவரில் அடித்தார். உள்ளங்கையில் ஒரு கொசு நசுங்கியிருந்தது. அதைச் சுற்றிப் பொட்டு அளவுக்கு ரத்தம்.

மலையடிவாரச் செண்பகத்தோப்பிலிருந்து நான்கு மணி நேரம் ஏறினால் வரும் அந்த ஏலக்காய் எஸ்டேட்டுக்கு அவர் பத்தொன்பது வருடமாகக் காவல்காரர். அங்கே ஒரு கொசுவைக்கூடப் பார்த்ததில்லை. ஐப்பசி பிறந்தாலே இரண்டு கம்பளி வேண்டும். அந்தக் குளிருக்குக் கொசு தங்காது. ஆனால் இந்தத் தொண்ணூற்றொன்றாம் வருடம் கம்பளி மடித்தபடியே கிடந்தது. மூன்று வருடமாகவே குளிர் குறைந்துகொண்டு வந்ததை அவர் கவனித்திருந்தார். வயதான உடம்புக்கு நல்லதுதானே என்று விட்டுவிட்டார்.

கையைக் கழுவும்போதுதான் தோன்றியது. அவர் உடம்பில் எங்கும் கடித்த தடம் இல்லை. அப்படியானால் இது யாருடைய ரத்தம்?

முதலாளி எஸ்டேட்டை மூடிய பிறகு மலையில் அவரைத் தவிர மிஞ்சியவர்கள் இரண்டே பேர். கீழே தொழிலாளர் லயத்தின் வரிசை வீடுகளில் இருந்த சோலைச்சாமியும் அவன் பெண்டாட்டி சண்முகத்தாயும். சோலைச்சாமி ராஜபாளையத்தில் கட்டட வேலைக்குப் போய், ஐப்பசியில் காய்ச்சலோடு திரும்பியிருந்தான்.

மார்கழி ஐந்தாம் தேதி சண்முகத்தாய் தட்டுத்தடுமாறி ஏறி வந்தாள். முகம் வெளுத்து மஞ்சளாக இருந்தது.

"அண்ணாச்சி, அவியளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல் அடிக்கி. இப்ப எனக்கும் வருது. ராத்திரி முச்சூடும் கொசு. காதுக்குள்ள யாரோ பேசுத மாதிரியே இருக்கு."

"கீழ போயிருவமா, தாயி?"

"அவியளால எந்திரிக்க ஏலல. நீங்க மாத்திரை மட்டும் வாங்கியாங்க. சுருக்கா வந்துருங்க அண்ணாச்சி. எங்களுக்கு வேற யாரு இருக்கா இங்க?"

ஸ்ரீவில்லிபுத்தூரில் மருந்துக்கடை வைத்திருந்த பீர் மைதீன், அன்றே இறங்கி வந்த மாரிசாமி சொன்னதைக் கேட்டதும் எழுந்தேவிட்டார்.

"மலை மேலயா? அங்க கொசு ஏதுவே?" என்றவர், மாரிசாமியின் முழங்கையில் இருந்த தடிப்புகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது மலேரியா. மாத்திரை தாரேன். ஆனா எப்பாடு பட்டாவது ஆளைக் கீழ எறக்கும். மூளைக்கு ஏறிட்டா மாத்திரையெல்லாம் கேக்காது."

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. மார்கழியில் யாரும் பார்த்திராத மழை. காட்டாறு இரண்டு நாள் கடக்கவிடவில்லை. வனத்துறைச் சாவடியின் ஓட்டுத் தாழ்வாரத்தில், மாத்திரைப் பொட்டலத்தை மடியில் இறுக்கிக்கொண்டு, ஆற்று இரைச்சலைக் கேட்டபடி தனியாக உட்கார்ந்திருந்தார். முகத்தில் தெறித்த மழை வெதுவெதுப்பாக இருந்தது.

மூன்றாம் நாள் விடிந்ததும் ஏறினார். பள்ளத்துக்குப் பள்ளம் தண்ணீர் தேங்கி, அழுகிய இலையின் நாற்றம் தொண்டைவரை வந்தது. ஒவ்வொரு குட்டையிலும் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. கால்கள் கனத்தன. கண்ணுக்குப் பின்னால் வலித்தது. வெயில்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டார்.

நடுப்பகலில் லயம் தெரிந்தது. அடுப்புப் புகை இல்லை.

"சோலை... ஏலே சோலை!"

கதவு திறந்து கிடந்தது. உள்ளே மூத்திரமும் ஈரச் சாக்கும் கலந்த நாற்றம். சுண்ணாம்புச் சுவர் புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தது. கிட்டே போனார். புள்ளிகளுக்குக் கால்கள் இருந்தன. ஒவ்வொன்றின் வயிறும் சிவந்து உப்பியிருந்தது.

சோலைச்சாமி தரையில் கிடந்தான். கண்கள் திறந்திருந்தன. தொட்டுப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

கட்டிலில் சண்முகத்தாய். கழுத்துவரை சாக்கு. மாரிசாமி கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

சட்டம் அதிர்ந்தது. கட்டிலின் கால்கள் தரையில் தட்டின.

டக். டக்டக். டக்டக்டக்.

நடுங்குகிறாள். உயிர் இருக்கிறது.

"தாயி, வந்துட்டேன். இந்தா, மாத்திரை..."

பொட்டலத்தை எடுக்க ஒரு கையை விட்டார். தட்டல் குறைந்தது.

மாத்திரைகள் சிதறின.

மறு கையையும் விட்டார்.

கட்டிலின் ஆட்டம் நின்றது.

அவள் முகத்தில் அசைவில்லை. வெறும் காற்றில், அவருடைய இரண்டு கைகளும் ஆடிக்கொண்டே இருந்தன.