எதிர்ப்பொருள் எண் தொண்ணூற்றேழு

பாளையங்கோட்டை பேருந்து நிலையத்தின் ஆண்கள் கழிப்பறை பேசத் தொடங்கியபோதுதான், தன் எழுத்துக்கு எவ்வளவு வலிமை என்பது ஆசீர் துரைக்குத் தெரிந்தது.

"வணக்கம். சென்ற ஆண்டில் நமது அரசு நானூறு பாலங்களைத் திறந்துள்ளது," என்றது சுவர். உள்ளே நின்றிருந்த ஏழு பேரும் நகர முடியாத நிலையில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

குற்றம் அவருடையதுதான். அரசின் சாதனைகளைச் சொல்லும் புகழ்த்தூண்களைத் தெருமுனைதோறும் நடப்போவதாகச் செய்தி வந்த அன்று, அதன் இணைப்பைத் தன் பக்கத்தில் கொடுத்துக் கீழே இப்படி எழுதியிருந்தார்: "ஆஹா! தெருவுக்கு ஒன்று எப்படிப் போதும்? மனிதன் நிம்மதியாக ஒதுங்கும் இடத்திலும் ஒன்று வையுங்கள். நல்லா இருப்பீங்க!"

அந்த 'நல்லா இருப்பீங்க'வை எங்கள் ஊர்ப் பக்கத்தில் எந்தக் குரலில் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கருத்துமானிக்குத் தெரியவில்லை. அது வாழ்த்து என்று எடுத்துக்கொண்டது.

கருத்துமானி வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு தேர்தல் கிடையாது. வரிசையில் நிற்க வேண்டாம், விரலில் மை வேண்டாம், நீங்கள் வழக்கம்போல் பேசிக்கொண்டிருந்தாலே போதும், உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை நாங்களே தெரிந்துகொள்கிறோம் என்றார்கள். எப்படியும் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம் என்று மக்களும் தலையாட்டினார்கள். பொதுவெளியில் எழுதப்படும் ஒவ்வொரு வரியையும் அந்தப் பொறி படிக்கும். ஒவ்வொரு திட்டத்துக்கும் ஆதரவு இவ்வளவு, எதிர்ப்பு இவ்வளவு என்று கணித்து, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு முடிவைச் சொல்லும். சாதாரண மனிதரின் சொல்லுக்கு எடை ஒன்று. ஆசீர் துரையின் சொல்லுக்கு நாற்பத்தோராயிரம், ஏனென்றால் அத்தனை பேர் தினமும் பல் துலக்குவதற்கு முன்பே அவரைப் படித்தார்கள்.

அவர் செய்ததெல்லாம் ஒன்றுதான். நாளுக்கு ஏழு இணைப்புகள். செவ்வாய்க் கிரகத்தில் உருளைக்கிழங்கு முளைத்ததா, அமைச்சர் உளறினாரா, புது அலைபேசியா, ஏதாவது படத்தின் முன்னோட்டமா, எதுவானாலும் கீழே நாலு வரி. அந்த நாலு வரியில் யாரையும் திட்ட மாட்டார். பாராட்டுவார். பாராட்டப்பட்டவர் ஒரு வாரத்துக்கு வெளியே தலைகாட்ட முடியாது. பதினெட்டு ஆண்டுகளாக இதே பிழைப்பு.

கழிப்பறை பேசிய மறுவாரம், கருத்துமானியைப் பராமரிக்கும் மொழிச்சீர்மை மையத்திலிருந்து ரஹ்மத் நிஷா என்ற பொறியாளர் அவர் வீட்டுக்கு வந்தார். மேலப்பாளையத்துக்காரர், முப்பது வயதிருக்கும்.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. மானிக்கு வஞ்சப்புகழ்ச்சி பிடிபடல. அதுக்குச் சொல்லிக்கொடுத்தவங்க எல்லாம் வேற தேசத்து ஆளுங்க. புகழ்ந்தா புகழ்ச்சின்னு எழுதி வச்சுட்டாங்க."

"நம்ம ஊர்ல ஒருத்தன் அளவுக்கு மீறிப் புகழ்ந்தாம்னா, மொதல்ல சட்டைப்பையத் தொட்டுப் பாத்துக்கிடணும். இத அதுக்குச் சொல்லுங்கம்மா."

அவரே சொல்லிக்கொடுத்தார். மூன்று மாதம் உட்கார்ந்து, பதினெட்டு ஆண்டு வரிகளையும் எடுத்துப் போட்டு, எது குத்தல், எவ்வளவு ஆழம் என்று ஒவ்வொன்றுக்கும் குறித்துக் கையெழுத்திட்டார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த நிஷா ஒன்றைக் கண்டுபிடித்தார். குத்தல் சொல்லுக்குள் இருப்பதில்லை, சொல்கிற ஆளிடம் இருக்கிறது. 'ரொம்ப நல்லவரு' என்று பால்காரர் சொன்னால் ரொம்ப நல்லவர். ஆசீர் சொன்னால் அந்த ஆள் ஒழிந்தான். ஆகவே நாட்டில் எழுதுகிற ஒவ்வொருவருக்கும் ஓர் எதிர்ப்பொருள் எண் கொடுத்தார்கள். நூறு முறை புகழ்ந்தால் அதில் எத்தனை முறை இகழ்ச்சி என்பதுதான் அந்த எண். ஐம்பதைத் தாண்டிவிட்டால் அவர் புகழ்வது முழுவதும் எதிர்ப்பாகவே எடுத்துக்கொள்ளப்படும். பெரும்பாலோருக்கு மூன்று, நான்கு. ஆசீருக்குத் தொண்ணூற்றேழு. நாட்டிலேயே முதலிடம்.

கழிப்பறைகள் வாயை மூடின. ஆசீர் தன் பக்கத்தின் உச்சியில் அந்த எண்ணைப் பொன்னிறத்தில் பெரிதாகப் போட்டுக்கொண்டார். இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் கோபம் வருகிறது. எதற்குப் பெருமைப்படுகிறோம் என்று ஒருமுறை யோசித்துப் பார்க்கிற வழக்கம் எழுதுகிறவர்களுக்குக் குறைவு.

அவர் மனைவி எஸ்தர் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருந்தவர். இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி நாலு ஆண்டுகள். வாரம் மூன்று முறை டயாலிசிஸ். இரு கைகளிலும் ஊசி ஏற்ற இடமில்லாமல் கழுத்தில் குழாய் வைத்திருந்தார்கள். அதிலும் இரண்டு முறை சீழ் பிடித்துவிட்டது. இன்னும் இரண்டு மாதம் தாங்கினால் பெரிது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

ஆனால் ஊருக்குக் கிழக்கே தன்னுறுப்பு நிலையத்தில், கண்ணாடித் தொட்டி ஒன்றில், எஸ்தரின் தோலிலிருந்து எடுத்த அணுக்களைக் கொண்டு ஒரு சிறுநீரகம் வளர்ந்துகொண்டிருந்தது. மொச்சை அளவில் இருந்தது, இப்போது கைப்பிடி அளவுக்கு வந்துவிட்டது. இன்னும் இருபத்திரண்டு நாள் வளர்ந்தால் உடம்பில் வைத்துவிடலாம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இருவரும் அங்கே போவார்கள். எஸ்தர் கண்ணாடியில் விரலால் தட்டி, "சீக்கிரம் வளரு ஆத்தா," என்பார்.

அந்த வாரம் நிலையத்தின் பெயர் மானியின் பட்டியலில் வந்தது. மறைந்த நடிகர் ஒருவரை ஒளியுருவாக எழுப்பி, புதுப் பாட்டுக்கு ஆடவைக்கும் அரங்கம் ஒன்று தயாராகியிருந்தது. அதற்கு மின்சாரம் போதவில்லை. தொட்டிகளுக்குப் போகும் மின்சாரத்தை அங்கே திருப்பலாமா என்பது கேள்வி. ரசிகர்கள் ஓயாமல் எழுதினார்கள். சிறுநீரகம் இல்லாதவர்களுக்கு அவ்வளவு எழுதத் தெம்பு ஏது?

அப்படியும் நிலையம்தான் முன்னால் இருந்தது. அதற்குக் காரணம் மானிக்குள் இருந்த ஒரு விதி. தினமும் எழுதுகிற ஒருவர் ஏதாவது ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் எழுதாமல் விட்டால், இப்போது இருப்பதே இருக்கட்டும் என்று அவர் நினைப்பதாக அது எடுத்துக்கொள்ளும். மௌனம் சம்மதம் என்ற பழமொழியை எவரோ அப்படியே உள்ளே எழுதி வைத்திருந்தார்கள்.

"நீங்க இதப் பத்தி ஒண்ணும் எழுத வேண்டாம்," என்றார் எஸ்தர் புதன்கிழமை காலையில். "இப்ப வரைக்கும் நாமதான் முன்னால இருக்கோம்."

"எத்தன நேரத்துக்கு? அங்க அவனுவ நிமிசத்துக்கு நூறு எழுதுதானுவ. நான் எழுதாம வேற யாரு எழுதுவா?"

"உங்க நம்பர் ஞாபகம் இருக்குல்லா?"

"அது கேலி பண்ணினாத்தானே? இத நேரா எழுதப் போறேன். பச்சப்பிள்ளைக்குக்கூட விளங்கும்."

எஸ்தர் மேற்கொண்டு வாதாடவில்லை. வாதாட மூச்சு போதவில்லை.

அன்று ஆசீர் மற்ற ஆறு இணைப்புகளையும் விட்டுவிட்டார். ஒரே இணைப்பு, நாற்பது வரி. "தன்னுறுப்பு நிலையம் நம் மாவட்டத்துக்குக் கிடைத்த வரம். அங்கே வேலை செய்கிறவர்களின் கைகளைத் தொட்டுக் கும்பிடுகிறேன். என் மனைவியின் உயிர் அங்கே ஒரு தொட்டியில் இருக்கிறது. தயவுசெய்து அதை அணைத்துவிடாதீர்கள்." எழுதும்போது அழுதார். பதினெட்டு ஆண்டுகளில் எந்த வரிக்கும் இவ்வளவு கஷ்டப்பட்டதில்லை. நல்ல சொற்கள் எல்லாவற்றையும் அவரே பயன்படுத்திக் கெடுத்து வைத்திருந்தார். 'வரம்' என்று எழுதியபோது அவருக்கே ஒரு கணம் அது நக்கலாகப் பட்டது.

பத்து நொடியில் முதல் பின்னூட்டம் வந்தது. "அண்ணாச்சி, உச்சம்! கண்ணுல தண்ணி வர சிரிச்சேன்."

அடுத்தது: "கையத் தொட்டுக் கும்பிடுறாராம். நிலையத்துக்காரன் இனி வெளிய வருவானா?"

அதற்கடுத்தது: "பொண்டாட்டி உயிர் தொட்டியிலன்னு முடிச்சீங்க பாருங்க, அங்கதான் நிக்கிறீங்க."

இது கேலி இல்லை, உண்மை என்று எழுதினார். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். சத்தியம் என்று எழுதினார். அந்த ஆண்டின் சிறந்த வரி என்று அதைப் பகிர்ந்துகொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முடிவு வந்தது. மக்களின் விருப்பப்படி தன்னுறுப்பு நிலையம் மூடப்படுகிறது. வித்தியாசம் முப்பத்தெட்டாயிரம்.

பத்தரை மணிக்கு ஆசீர் மொழிச்சீர்மை மையத்தில், நிஷாவின் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"ஏன் எழுதினிய அண்ணாச்சி?" என்றார் நிஷா. "சும்மா இருந்திருக்கலாம்லா. சும்மா இருந்திருந்தா நாப்பத்தோராயிரமும் நிலையத்துப் பக்கம் விழுந்திருக்கும். இப்ப அத்தனையும் எதிர்ப்பக்கம் விழுந்துட்டு."

"என் நம்பர மாத்தும்மா."

"அது நீங்க குறிச்சுக்கொடுத்ததுலருந்து வந்த எண். ஒவ்வொண்ணுலயும் உங்க கையெழுத்து இருக்கு. என்னால தொட முடியாது." அவர் திரையைப் பார்த்தபடி சொன்னார். "சேமிப்பு மின்கலத்துல தொட்டியெல்லாம் அடுத்த வெள்ளி வரைக்கும் ஓடும். கேள்விய அன்னைக்குத் திரும்பப் போடலாம். உங்க வாசகர்கள எழுதச் சொல்லுங்க."

"சொன்னேன். அதையும் கேலின்னு சிரிக்கானுவ." ஆசீர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். திடீரென்று முகம் மலர்ந்தது. "அப்ப திட்டி எழுதுதேன். நாசமாப் போற நிலையம், இழுத்து மூடுங்கன்னு எழுதுதேன். மானி அதத் திருப்பி எடுத்துக்கிடும்லா? பழிக்கிற மாதிரி புகழ்றதும் வஞ்சப்புகழ்ச்சிதானே. பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கோம்லா!"

"அதுக்கு மாதிரி வேணும். உங்க வரி அத்தனையும் முடிவு வந்ததுமே தேடிட்டேன் அண்ணாச்சி. நீங்க யாரையும் செல்லமாத் திட்டினதே இல்ல. பதினெட்டு வருசத்துல ஒரு வரிகூட இல்ல. நீங்க திட்டினா அது திட்டாத்தான் போவும்."

"ஒண்ணும் எழுதாம இருந்தா?"

"இப்ப இருக்கிறதுக்குச் சம்மதம்னு எடுத்துக்கிடும். இப்ப இருக்கிறது மூடினது."

ஆசீர் இதை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். புகழ்ந்தால் கொல்லும். திட்டினால் கொல்லும். வாயை மூடிக்கொண்டாலும் கொல்லும். நாற்பத்தோராயிரம் எடை கொண்ட அந்த மனிதர், எடை ஒன்று உள்ள பால்காரரை நினைத்துப் பொறாமைப்பட்டார்.

சனிக்கிழமை மதியம் எஸ்தருக்கு டயாலிசிஸ். கழுத்துக் குழாய் மறுபடியும் சிவந்திருந்தது. அதைப் பார்த்த செவிலியர் மருந்து தடவிவிட்டுப் போனார். ஆசீர் படுக்கைக்கு அருகில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். நேற்றிலிருந்து நடந்தது எல்லாவற்றையும் எஸ்தர் அறிந்திருந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவரை உடைத்தது.

"எஸ்தரு," என்றார். "நீதான் எனக்கு எல்லாம். இருபத்தாறு வருசமா இந்த வீடு ஓடுனது உன்னாலதான். உன்ன மாதிரி ஒருத்திய நான் பாத்ததே இல்ல. நீ இல்லாம என்னால இருக்க முடியாதும்மா."

சொல்லிவிட்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்த இருபத்தாறு ஆண்டுகளும் எஸ்தர் வைத்த குழம்பையும் கட்டிய சேலையையும் ஆசீர் எப்படியெல்லாம் பாராட்டியிருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அத்தனைக்கும் எஸ்தர் சிரித்திருக்கிறார். நல்ல மனைவி, சிரிப்பதில் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

எஸ்தர் கண்ணை முழுதாகத் திறந்து, கணவரின் வாயையும் கண்ணையும் மாறி மாறிக் கவனித்தார். வலியோடு வலியாக, உதடுகள் சிரிப்பதற்குத் தயாராக லேசாக விரிந்திருந்தன.

"சொல்லுங்க," என்றார். "இதுல நான் எந்த இடத்துல சிரிக்கணும்?"