செம்புத் தகட்டில் பாதி விரல்

தகட்டில் கை பட்டிருந்தது.

தொட்டியை மூடியிருந்த பலகையை நகர்த்தியதும் குப்பென்று எழுந்த நவச்சார நெடியில் கண் கரிக்க, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மஹ்ஜபீன் குனிந்து பார்த்தாள். உள்ளே நைலான் கயிற்றில் தொங்கிய மூன்று செம்புத் தகடுகளிலும் பச்சை அழகாகவே பூத்திருந்தது. மயில் கழுத்தின் நிறம். ஓரங்களில் வெளிர் நீலம். நடுத் தகட்டின் கீழ் மூலையில் மட்டும் பச்சை ஏறவில்லை. நான்கு விரல் நுனிகள் அளவுக்குச் செம்பு அப்படியே சிவப்பாக நின்றது.

கணவன் நவுஷாத் இந்த வேலையில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் விஷயமே அதுதான். புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, சாம்பலால் விளக்கிக் கழுவிய தகட்டை வெறுங்கையால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில், நவச்சாரமும் சுண்ணாம்பும் சேர்ந்து கிளப்பும் ஆவி பிடிக்காது. சுற்றிலும் பச்சை ஏறி, தொட்ட இடம் மட்டும் காட்டிக் கொடுத்துவிடும்.

அவள் தொடவில்லை. துணியால் ஓரத்தைப் பிடித்துத்தான் மாட்டினாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

பாண்டிச்சேரியில் ஒரு ஓட்டலுக்குச் சுவரில் பதிக்கப் பன்னிரண்டு தகடுகள் வேண்டுமாம். அளவு பேச உளுந்தூர்பேட்டைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். "காலையில வந்துடுவேன். நீ தகடுங்களைத் தொட்டியில மாட்டிக்கினு இரு" என்று சொல்லிவிட்டு, புதன்கிழமை சாயங்காலம் நவுஷாத் பஸ் ஏறினான். விடிவதற்குள் சாலைகள் மூடிக்கொண்டன. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் மறியல். எண்பத்தேழு செப்டம்பர். புளியமரங்களை வெட்டிச் சாலையின் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. கல்வராயன் மலையிலிருந்து ஒரு விறகு வண்டிகூட இறங்கவில்லை. கள்ளக்குறிச்சியின் பகல் முழுக்க, யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போன்ற அமைதி.

"இன்னா பாயம்மா, வூடே நாறுது" என்று பின்சுவருக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுச் சாலம்மாள் எட்டிப் பார்த்தாள். "புருசன் இல்லாத நேரத்துல கூட இந்த வேலையா?"

"கை சும்மா இருந்தா மனசு எங்கெங்கயோ போவுதுக்கா."

"எங்க போவுது? உங்க ஊட்டுக்காரரு எங்கனா ஓட்டல்ல குந்திக்கினு பரோட்டா தின்னுக்கினு இருப்பாரு. எங்க ஆளு மரம் வெட்டப் போயிருக்காரு. இந்த மனுசன் எனக்கு ஒரு சுள்ளி வெட்டிக் குடுத்ததில்ல, தெரியுமா?"

மஹ்ஜபீன் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தகட்டை வெளிச்சத்துக்குத் திருப்பியவள், நிறுத்தினாள்.

நான்கு நுனிகளில் மூன்றாவது மட்டும் ஒரு கணு தாழ்ந்திருந்தது. மொழுக்கென்று, ரேகையே இல்லாமல்.

நவுஷாத்தின் வலது கை மோதிர விரல் பாதிதான். இரண்டு வருஷத்துக்கு முன் தகடு வெட்டும் கத்தரி மிச்சத்தை எடுத்துக்கொண்டது.

போவதற்கு முன் அவன் தொட்டிருப்பான் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் அவன் போன பிறகுதான் அவள் அதைத் தேய்த்தாள். இப்போது அதையே மறுபடியும் தேய்த்தாள். புளி கரைந்து கையில் வழிய, நகக்கண் எரிய, முகம் தெரியும் அளவுக்குச் செம்பு சிவக்கும்வரை தேய்த்து, கழுவி, துணியால் பிடித்து மாட்டினாள். தொட்டியின் அடியில் நவச்சாரமும் சுண்ணாம்பும் கலந்த கிண்ணத்தை வைத்து, பலகையை மூடி, இடுக்குகளில் ஈரச் சாக்கை அடைத்தாள்.

மறுநாள் மத்தியானம் திறந்தபோது முழுக் கையும் இருந்தது.

உள்ளங்கை, கட்டைவிரல், மூன்று முழு விரல், ஒரு பாதி விரல். ஆயுள் ரேகைகூடத் தெரிந்தது. யாரோ மறுபக்கத்திலிருந்து கண்ணாடியில் அழுத்துவது போல, அகலமாக, கெட்டியாக.

அன்று இரவு அவள் தூங்கவில்லை. காதைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தாள். தொட்டிப் பக்கமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

திங்கட்கிழமை எலவனாசூர்கோட்டையிலிருந்து நடந்தே வந்த ஒருவர், அந்தப் பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்டதாகத் தெருவில் சொல்லிவிட்டுப் போனார். யார், எத்தனை பேர், எதுவும் அவருக்குத் தெரியவில்லை. சாலம்மாள் இந்த முறை வேடிக்கை பேசவில்லை. ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழைச் சுவர்மேல் வைத்துவிட்டு, "குடிச்சிடு பாயம்மா. அவருக்கு ஒண்ணும் ஆயிருக்காது" என்றாள்.

கூழ் அங்கேயே ஆறிப்போனது.

தினம் ஒரு புதுத் தகட்டைத் தேய்த்து மாட்டிக்கொண்டிருந்தாள். அன்றைய தகட்டில் கை நடுவில் இல்லை. மேல் ஓரத்தில் தொடங்கி, ஐந்து சிவப்புக் கோடுகளாகக் கீழே வழுக்கியிருந்தது. பிடி கிடைக்காத கை. ஒரு கோடு மட்டும் மற்றவற்றைவிடக் கட்டையாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை அதேதான். இன்னும் கீழே.

புதன்கிழமை விரல் நுனிகள் மட்டும். தகட்டின் கீழ் விளிம்பில். தொங்கிக்கொண்டு.

மஹ்ஜபீன் வெகுநேரம் அந்த விளிம்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் எங்கே இருக்கிறான், உயிரோடு இருக்கிறானா, எந்த இருட்டிலிருந்து கையை நீட்டுகிறான், எதுவும் அவளுக்குத் தெரியாது. நாளைய தகட்டில் அந்த நுனிகளும் இருக்காது என்பது மட்டும் தெரிந்தது.

வீட்டில் மிச்சமிருந்த கடைசித் தகட்டைத் தேய்த்தாள். கழுவினாள். துடைத்தாள். பிறகு, இந்த வேலைக்குக் கை வைத்த மூன்று வருஷத்தில் ஒருமுறைகூடச் செய்யாததைச் செய்தாள். தன் வலது உள்ளங்கையை விரல்களை விரித்து, தகட்டின் நடுவில் வைத்து அழுத்தினாள். செம்பு சில்லென்று இருந்தது.

"வந்துடுங்க" என்றாள். "எப்படியாச்சும் வந்துடுங்க."

தகட்டைத் தொட்டியில் இறக்கி, பலகையை மூடினாள்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸின் ஹார்ன் தூரத்தில் கேட்டது. சாலம்மாள் தெருவில் யாரிடமோ, "மறியல் முடிஞ்சிடுச்சாம்" என்று சொல்வதும் கேட்டது. மஹ்ஜபீன் தொட்டியைத் திறந்தாள்.

பச்சைக்கு நடுவே அவளுடைய கை, சிவப்பாக. அது தெரிந்ததுதான். விரல்களுக்கு இடையே பச்சை ஏறியிருக்க வேண்டிய நான்கு சந்துகளும்கூடச் சிவப்பாக இருந்தன. இன்னொரு கை கோர்த்திருந்தது. மூன்று சந்துகளில் முழு விரல்கள். ஒன்றில் பாதி.

பிடித்துவிட்டாள். அவன் பிடித்துவிட்டான். தகட்டை மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, ஒரு வாரமாக அடக்கிய அழுகையை அழுதாள்.

"மாபீன்."

வாசலில் நவுஷாத் நின்றிருந்தான். அதே கட்டம் போட்ட சட்டை. தலைமுடியெல்லாம் புழுதி. முகம் வற்றிப்போயிருந்தது, ஆனால் அவன்தான்.

"எங்க இருந்தீங்க? சாப்பிட்டீங்களா? எப்படி வந்தீங்க?"

"நீ கூப்பிட்ட இல்ல" என்றான். "வந்தேன்."

அவள் தகட்டைக் கையிலிருந்து விடாமலே, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடித் தண்ணீர் மொண்டுவந்தாள். அதற்குள் அவன் தொட்டியருகே போய்க் குனிந்திருந்தான். இத்தனை வருஷம் வேலை செய்தும் அந்த நெடி அவனுக்கு ஒத்துக்கொண்டதே இல்லை. பலகையை நகர்த்தும்போதே இருமுவான், கண்ணில் நீர் கொட்டும். இப்போது முகத்தைத் தொட்டிக்குள் விட்டு ஆழமாக மூச்சை இழுத்தான். இருமவில்லை. நிமிர்ந்தபோது கண்கள் வறண்டிருந்தன. இமைக்கவில்லை.

"பச்சை நல்லா புடிச்சிருக்கு" என்றான்.

தண்ணீரை நீட்டினாள். வாங்கினான். வலது கையால். டம்ளரைச் சுற்றி விரல்கள் மடங்கின.

சுட்டு விரல். நடு விரல். மோதிர விரல். சுண்டு விரல்.

மறுபடி எண்ணினாள். மோதிர விரலின் நுனியில் நகம் இருந்தது. புது நகம். மெல்லிய பச்சை நிறத்தில்.

"ஏன் அப்படிப் பாக்குற?"

இடது கையில் இருந்த தகட்டைக் குனிந்து பார்த்தாள்.

அவள் விரல்களுக்கு இடையே சிவப்பு மங்கிக்கொண்டிருந்தது. முதல் சந்தில் பச்சை ஏறியது. விரல் நழுவியது. அடுத்தது. அதற்கடுத்தது.

அவன் அவளைக் கடந்து போனான். அவளுக்குப் பின்னால் வாசல் கதவு சாத்தும் சத்தம். தாழ்ப்பாள் மெதுவாக விழுந்தது.

தகட்டில், அவளைப் பிடித்துக்கொண்டு, பாதி விரல் மட்டும் இன்னும் சிவப்பாக இருந்தது.