கோபுரத்தில் கேட்ட கிறீச்

அவளுடைய நிஜப் பெயர் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? எல்லோருக்கும் அவள் 'லொடலொட'தான். காலையில் திறக்கும் வாய், தூங்கினால்தான் மூடும். அவள் பேச்சைப் பாதி கேட்பதற்குள் எல்லோரும் நழுவிவிடுவார்கள். அம்மாகூட "ம்... ம்..." என்பதோடு சரி.

அம்மாவுக்கு விமான நிலையக் கோபுரத்தில் வேலை. விமானிகளோடு ரேடியோவில் பேசி, விமானங்களை ஏற்றி இறக்கும் வேலை. இன்று லொடலொடவையும் வரச் சொல்லியிருந்தாள். ஓடுபாதையில் பறவை விரட்டும் மாமா தன் பச்சை ஜீப்பில் விமான நிலைய வாசலிலிருந்து அவளை ஏற்றிவந்து விட்டுப்போனார்.

"இங்க ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினா, இனிமே கூட்டிட்டே வர மாட்டேன்" என்றாள் அம்மா.

லொடலொட வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுற்றிலும் கண்ணாடி. கீழே நீண்டு கிடந்தது ஓடுபாதை. அம்மா மைக்கில் நாலே வார்த்தை சொன்னாள். வானத்திலிருந்த விமானி அதை அப்படியே திருப்பிச் சொன்னார். வீடு போன்ற விமானம் ஒன்று பூப்போல இறங்கியது. அம்மாடியோவ்!

"திருப்பிச் சொன்னாத்தான் அவருக்குச் சரியா கேட்டுச்சுன்னு எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா.

திடீரென்று ரேடியோவில் "கர்ர்ர்" என்று ஒரே இரைச்சல்.

"போச்சு! எவரோ மைக் பட்டன் மேல உட்கார்ந்துட்டார். அவர் எழுந்திருக்கிறவரைக்கும் வேற யாருமே பேச முடியாது!"

ஓடுபாதையில் ஒரு குட்டி விமானம் இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தது. மேலேயோ ஒரு பெரிய விமானம் இறங்கி வந்துகொண்டிருந்தது. அம்மா பாய்ந்து விளக்கை எடுத்து, அதை நோக்கிச் சிவப்பு வெளிச்சம் காட்டினாள். பெரிய விமானம் உறுமிக்கொண்டு மறுபடி மேலே எழுந்தது. கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது.

"பின்னாலயே இன்னும் மூணு வருதே! கீழயும் ரேடியோ வச்ச வண்டி இத்தனை நிக்குது. இதுல எவர்னு கண்டுபிடிக்கிறது?"

அப்போது இரைச்சலுக்கு நடுவே, 'கிறீச்... கிறீச்...'

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும்! அவள் ஏறி வந்த ஜீப்பில் ஸ்பிரிங் மேல் தலையாட்டும் கிளி பொம்மை! ஆனால் பேசக்கூடாதே? பேசினால் இனிமேல் இங்கே வரவே முடியாதே?

வராவிட்டால் போகிறது!

"அம்மா, பச்சை ஜீப். பறவை விரட்டுற மாமா. கிளி பொம்மை சத்தம்."

அம்மா சட்டென்று திரும்பினாள். "பச்சை ஜீப். பறவை விரட்டுற மாமா. கிளி பொம்மை சத்தம். சரியா?"

"சரி!"

அம்மா ஜீப்பை நோக்கிச் சிவப்பு விளக்கை மினுக்கினாள். மாமா பதறிப்போய் வெளியே குதித்தார். இரைச்சல் நின்றது. விமானிகளின் குரல்கள் ஒவ்வொன்றாக வந்தன. அம்மா சொன்னாள், அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். வானத்தில் காத்திருந்தவை வரிசையாக இறங்கின.

லொடலொட மூச்சுவிடவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் வாய் திறந்தாள். "அம்மா, நாளைக்கும் நான் கோபுரத்துக்கு வரணும். வீட்லயும் நான் பேசுறதை நீ முழுசா கேக்கணும்."

"நாளைக்கும் நீ கோபுரத்துக்கு வரணும். வீட்லயும் நீ பேசுறதை நான் முழுசா கேக்கணும். சரியா?" என்றாள் அம்மா.

"சரி!" என்றாள் லொடலொட. அதற்கு மேல் பேச அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.